நாவ் இல்லாமல் நடக்காது

ஆற்றில் கப்பல் ஏறிப் போய் முன்னோர்களைத் தேடலாம் என்று எண்ணம் உள்ளவர்களுக்கு என்னிடம் சில யோசனைகள் இருக்கின்றன. இலவசம்தான். முதல் யோசனை, போகாதீர்கள். போய்த்தான் தீருவோம் என்பவர்கள் மேலே படிக்கலாம்.

இந்த விஷயத்தில் பேச எனக்குத் தகுதி உண்டு. ஒன்பதாம் வகுப்புப் பாதியில், பூனா பக்கத்து தேஹு ரோடு ஸ்டேஷனில் ரயில் ஏறியவன் நான். அதன் பிறகு லாரி கிளீனர், உப்பளக் கூலி, கல்யாணச் சமையலில் எடுபிடி என்று பல பதவிகள் வகித்தேன். அவற்றில் ஒன்று, கோதாவரியில் ஓடிய சுற்றுலாப் படகில் வெங்காயம் உரிப்பது. மேல்தட்டில் இருந்தவர்கள் மலையைப் பார்த்தார்கள், பாட்டுப் போட்டு ஆடினார்கள். கீழே எஞ்சினுக்கும் அடுப்புக்கும் நடுவில் எனக்கு ஒரு மணை. கரி படிந்த ஒரு சின்ன ஜன்னல் வழியாக நான் பார்த்த கோதாவரி பூசணிக்காய்த் துண்டு அளவுதான் இருக்கும். வேலையை விட்ட பிறகும் கொஞ்ச காலத்துக்கு யார் பேசினாலும் எனக்கு எஞ்சின் பேசுவதுபோலத்தான் கேட்டது. அது பரவாயில்லை, பலரும் பேசுவது அதற்குமேல் இருப்பதில்லை.

இப்போது முழங்கால் தேய்ந்து, அக்கா வீட்டு மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்து அறையில் இருக்கிறேன். தேஹு ரோட்டில் அப்பா பட்டாளத்து டிப்போவில் வேலை பார்த்து, ஓய்வு பெற்றபின் கட்டிய வீடு. கீழே அக்கா, அவள் மகன், மகனின் மனைவி, மூன்று வயதுப் பேத்தி. என் மருமகன் ஐ.டி. கம்பெனியில் இருக்கிறான். அவன் மனைவி தாபோடிக்காரி, மராத்திப் பெண். பேத்திக்கு இடுப்பு வரை முடி.

இந்த முடியில்தான் எல்லாம் ஆரம்பித்தது.

குழந்தையின் முதல் முடி குலதெய்வத்துக்கு. இது அக்காவின் சட்டம். அக்காவின் சட்டம் மட்டும் இல்லை, நம் ஆட்கள் பெரும்பாலானவர்களின் சட்டமும் அதுதான். அக்காவின் கணவர் அநாதை இல்லத்தில் வளர்ந்து வீட்டோடு மாப்பிள்ளையாக வந்தவர், அதனால் எங்கள் அப்பா வழிக் குலதெய்வம்தான் கணக்கு. சிக்கல் என்னவென்றால் எங்கள் குலதெய்வம் எது, எங்கே இருக்கிறது என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. அப்பா சின்ன வயதில் பூனாவுக்கு வந்தவர், திரும்பிப் போகவில்லை. ஏன் போகவில்லை என்று கேட்டால், "லீவு இல்ல" என்பார். ஓய்வு பெற்ற பிறகும் அதையேதான் சொன்னார்.

அக்காவின் மகனுக்கு மொட்டை அடிக்கும் காலம் வந்தபோது, தேடிக்கொண்டிருக்க முடியாது என்று அக்கம்பக்கத்தில் இருந்த ஒரு கோயிலில் அடித்துவிட்டார்கள். அடுத்த வருடம் அக்காவின் கணவர் போய்விட்டார். அவருக்கு ஏற்கெனவே இருதயத்தில் கோளாறு இருந்தது, டாக்டரும் சொல்லியிருந்தார். அக்கா டாக்டரை நம்பவில்லை. "எவனுக்கோ சேர வேண்டிய முடிய எவனுக்கோ குடுத்தோம்" என்று முடிவு கட்டினாள். அதனால் பேத்தியின் தலையில் கத்திரி படக்கூடாது.

குழந்தைக்கு அதெல்லாம் தெரியாது. பூனாவில் பங்குனி பிறந்துவிட்டால் தகரக் கூரைபோல் காய ஆரம்பிக்கும். அந்த முடிக் காட்டுக்குள் வேர்க்குரு, அப்புறம் சீழ்க்கட்டி. தினமும் தலை சீவும்போது அவள் போடும் சத்தத்தில் எங்கள் சந்தில் நாய்கள் இடம் மாறிப் படுத்தன. டாக்டர் முடியை எடுக்கச் சொன்னார். ஒரு நாள் மருமகள் குளியலறையில் கத்திரியோடு உட்கார்ந்துவிட்டாள். அக்கா கதவைத் திறந்து பார்த்து, கத்திரியைப் பிடுங்கித் தன் இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"என் புள்ளைக்கு வந்தது என் பேத்திக்கும் வரணுமா?"

"அத்தே, புண்ணு பாருங்கோ. ரத்தம் வர்றான்."

"வருது."

"ஹா, வருது. நான் ஜெஜூரி கூட்டிட்டு போறேன். எங்க தேவ் இருக்கார். அவருக்கு முடி குடுத்தா நல்லது."

"உங்க தேவ் நல்லவருதாம்மா. ஆனா இது எங்க வூட்டு முடி."

மருமகள் அன்று என்னிடம் வந்து, "மாமா, பள்ளிக்கூடம் திறக்குற முன்னாடி உங்க தேவ் கிடைக்கலன்னா நான் ஜெஜூரி போயிடுவேன். அப்புறம் அத்தே என்கூட பேச வேணாம், பரவால்ல" என்றாள். அவள் கண்ணில் தண்ணீர் இல்லை. அதனால் நிஜமாகவே செய்துவிடுவாள் என்று தெரிந்தது. செய்துவிட்டால் அக்கா அந்த வீட்டில் அவளோடு ஒரு வாய் சோறு சாப்பிட மாட்டாள் என்பதும் தெரிந்தது. இருவருக்கும் நடுவில் குழந்தை, அதன் தலையில் ஈ.

இந்த நிலையில் என் மருமகன் களத்தில் இறங்கினான். கம்பெனியில் ஏதாவது கோளாறு வந்தால் என்ன செய்வார்களோ அதையே வீட்டிலும் செய்தான். முதலில் ஒரு வாட்ஸ்அப் குழு. பெயர் 'ரூட்ஸ் அண்ட் ரிவர்ஸ்'. அதில் அவன், அக்கா, நான், இன்னும் சில சொந்தங்கள். அவன் மனைவி மட்டும் இல்லை. ஏன் என்று கேட்டேன்.

"அவளுக்குத் தமிழ் சரியா வராது மாமா. எதுக்கு டிஸ்டர்ப் பண்ணணும்?"

குழுவில் தமிழ் எழுத்து என்று ஒன்றுகூடக் கிடையாது. பாதி இங்கிலீஷ், கால் ஹிந்தி, மீதி கும்பிடும் கைப் படம். அவளுக்குப் புரியாதது கும்பிடும் கை மட்டுமாகத்தான் இருந்திருக்கும்.

இரண்டாவதாக ஒரு குழாயில் எச்சில் துப்பி எங்கோ அனுப்பினான். வம்சம் எங்கிருந்து வந்தது என்று எச்சிலைப் பார்த்துச் சொல்லிவிடுவார்களாம். சில வாரம் கழித்துப் பதில் வந்தது. நீங்கள் பெரும்பாலும் தென்னிந்தியர். இதை நான் எச்சில் இல்லாமலே சொல்லியிருப்பேன். ஆனால் நான் வண்ணப்படம் போட்டுக் கொடுக்க மாட்டேன், அதுதான் வித்தியாசம்.

மூன்றாவதாக, இருக்கும் தடயங்களைச் சேகரித்தான். மொத்தமே ஒன்றுதான் இருந்தது. அப்பா கடைசி வருடத்தில் முகம் மழித்துக்கொண்டிருந்தபோது அக்கா, "நம்ம குலதெய்வம் எங்கப்பா?" என்று கேட்டிருக்கிறாள். அவர் கண்ணாடியைப் பார்த்தபடியே சொன்னது இது:

"செதம்பரம் பக்கம், கொள்ளிடக் கரையில. ஆனா நாவ் வேணும். நாவ் இல்லாம கிட்டவே சேக்க மாட்டான்."

பிறகு டீ கேட்டார். அதன்பின் அந்தப் பேச்சே எடுக்கவில்லை.

'நாவ்' என்றால் எங்கள் வீட்டில் படகு. மழைக்காலத்தில் தாபோடிப் பக்கம் ஆற்றில் ஓடிய படகைச் சின்ன வயதில் நாங்கள் அப்படித்தான் சொல்வோம். 'நாவ் வந்துச்சா, நாவ் போச்சா.' ஹிந்தியிலும் அதுதான். மூன்று தலைமுறையாகப் பூனாவில் இருக்கும் தமிழ் வீடுகளில் இரவல் சொற்கள் இப்படி வந்து தங்கும். கத்தரிக்காய் தமிழில் இருக்கும், உருளைக்கிழங்கு பட்டாட்டா ஆகிவிடும். ஏன் என்று கேட்டால் இரண்டும் கோபித்துக்கொள்ளும்.

ஆக, படகு இல்லாமல் போக முடியாத கோயில். கரையில் இருந்து படகு ஏறி, ஆற்று நடுவில் ஏதோ திட்டு. மருமகனுக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. "மாமா, திஸ் இஸ் அன் ஐலண்ட் டெம்பிள்" என்றான். 'சேக்க மாட்டான்' என்று அப்பா சொன்னாரே, அந்த 'மாட்டான்' யார் என்று நான் கேட்டேன்.

"ஆறுதான் மாமா. ரிவர் காட்."

சரி. மேல்தட்டில் இருப்பவர்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

இப்படியாகக் கொள்ளிடத்தில் ஒரு நதிக் கப்பல் பயணம் தயாரானது. கொள்ளிடத்தில் கப்பல் ஓடுவதில்லை என்ற சின்னக் குறையை அவன் போனிலேயே சரிசெய்தான். கரையோரம் யாரோ ஒரு படகுக்காரரைப் பிடித்து, சித்திரை மாதத்தில் ஒரு நாளைக்கு முழுப் படகும் எங்களுக்கு என்று பேசி முன்பணமும் அனுப்பிவிட்டான். வலது கரை, இடது கரை என்று கோயில் கோயிலாக இறங்கிப் பார்த்துக்கொண்டே போவது. எது நம் சாமியோ, அக்காவுக்கு உள்ளே தெரியும். அங்கேயே மொட்டை.

என்னை 'ரிவர் கன்சல்டன்ட்' ஆக்கினான். வெங்காயம் உரித்தவனுக்கு இதைவிடப் பெரிய மரியாதை கிடைக்காது. "மாமா, டிப்ஸ் போடுங்க குரூப்ல" என்று தினமும் நச்சரித்தான். போட்டேன். படகில் எஞ்சினுக்கு எதிர்ப்பக்கம் உட்காருங்கள். முதல் நாள் ராத்திரி பருப்பு வேண்டாம். கழிப்பறை இருக்கிறது என்று சொன்னால் கதவு இருக்கிறதா என்று கேளுங்கள். வெள்ளைச் சட்டை போட வேண்டாம். சொந்தங்கள் கும்பிடும் கை போட்டார்கள். ஒருவர், படகில் முறுக்கு கொண்டுவரலாமா என்று கேட்டார். முன்னோர் பற்றி ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.

குழந்தையிடமும் சொல்லி வைத்தார்கள். "நாவ்ல போவோம், ஜம்முனு போவோம், அப்புறம் தலை குளுகுளுன்னு ஆயிடும்." அது தலை சீவும்போதெல்லாம் அழுகைக்கு நடுவே, "நாவ்? நாவ்?" என்று கேட்க ஆரம்பித்தது.

அக்கா வாழ்நாளில் படகு ஏறியதில்லை. அதனால் ஒத்திகை ஒன்று வேண்டும் என்று மருமகன் தீர்மானித்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை பவனா அணைக்குப் போனோம். ஏரியோரம் கூடாரம் போட்டுப் படுக்கிற இளைஞர்கள், மிளகாய் தூவிய சோளக்கதிர், சுற்றுலாக்காரர்களுக்கு எஞ்சின் படகு. படகுக்காரர் துறையிலேயே ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஏறுகிறவர்கள் பேரை எழுதிக்கொண்டு ஆரஞ்சு நிறச் சட்டை ஒன்றைக் கொடுத்தார். அந்தச் சட்டையில் எனக்கு முன்னால் போட்ட எத்தனையோ பேரின் வியர்வை இருந்தது.

தண்ணீரைப் பார்த்ததும் அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். சாமி பெயரைச் சொல்ல வாயெடுத்தாள், எந்தச் சாமி என்று தெரியாததால் நிறுத்திக்கொண்டாள். படகுக்காரர், "நாவ் சாங்கா, ஆஜி" என்றார். பாட்டி என்று தன்னைக் கூப்பிட்டது அக்கா காதில் விழவில்லை. நேராகப் படகில் கால் வைக்கப் போனாள். அவர் கையை நீட்டி மறித்துச் சிரித்துக்கொண்டே சொன்னார்:

"அஹோ ஆஜி, நாவ் நாஹீ தர் நாவ் நாஹீ!"

வரிசையில் நின்ற மராத்திக்காரர்கள் சிரித்தார்கள். மருமகளும் சிரித்தாள். வீட்டில் அவள் சிரித்து நான் அதுவரை பார்த்தது குறைவு.

"என்னாடி சொல்றாரு?" என்றாள் அக்கா.

"ஜோக் அத்தே. மராட்டில பேருக்கும் நாவ், படகுக்கும் நாவ். ரெண்டும் ஒண்ணு. அவர் சொல்றார், பேர் இல்லன்னா படகு இல்ல."

அக்காவின் ஒரு கால் துறையில் இருந்தது, ஒரு கால் படகின் விளிம்பில். அப்படியே நின்றுவிட்டாள்.

"நாவ் இல்லாம கிட்டவே சேக்க மாட்டான்" என்றாள் மெதுவாக.

"காய்?" என்றாள் மருமகள். என்ன என்று கேட்கிறாள்.

"எங்கப்பா சொன்னது. நம்ம சாமியப் பத்திக் கேட்டதுக்கு. நாவ் வேணும், நாவ் இல்லாம கிட்டவே சேக்க மாட்டான்."

மருமகள் எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு வழி கேட்டவர்களைப் பார்ப்பதுபோல இருந்தது.

"அத்தே, அது பேர். படகு இல்ல. எங்க ஜெஜூரிலயும் அப்படித்தான், போனா முதல்ல ஆட்நாவ் கேக்கறாங்க. எந்தக் குடும்பம்னு. அது சொன்னாத்தான் உங்க ஆளுன்னு தெரியும். இதுக்கா இத்தன நாளா படகு படகுன்னு பேசறீங்க?"

'ஆட்நாவ்' என்றால் குடும்பப் பெயர். படகுக்காரர், "பஸா, பஸா" என்று அவசரப்படுத்தினார். உட்காரச் சொல்கிறார். ஒருவரும் உட்காரவில்லை.

மருமகன் மெல்ல, "நீ ஏன் முன்னாடியே சொல்லல?" என்றான்.

"என்கிட்ட யாரு சொன்னா? நீங்க எல்லாரும் குரூஸ் குரூஸ்னு பேசினீங்க. தாத்தா என்ன சொன்னார்னு யாரும் சொல்லல. குரூப்ல சேத்திருந்தா சொல்லியிருப்பேன்."

அவன் ஆரஞ்சுச் சட்டையின் பட்டையை அவிழ்த்து மறுபடி கட்டினான். எனக்காவது தோன்றியிருக்க வேண்டும். ஐந்து பாஷையில் சோறு கேட்கத் தெரிந்தவன் நான். மராத்தியில் என்னிடம் 'நாவ் காய்' என்று கேட்காத போலீஸ்காரன் கிடையாது. அப்பா டிப்போவில் மராத்திக்காரர்களோடு பகல் முழுக்கப் பேசியவர். அங்கே அவருக்கு நாவ் பெயர்தான். வீட்டில் எங்களுக்கு மட்டும்தான் அது படகு.

காரில் திரும்பினோம். தளேகாவ் தாண்டியதும் அக்கா, "எந்தப் பேருடா? அப்பா பேரா, தாத்தா பேரா?" என்றாள்.

மருமகள் முன்னால் சாய்ந்து, மருமகன் கழுத்தில் தொங்கிய கம்பெனி அட்டையை விரலால் தட்டினாள். ஞாயிற்றுக்கிழமையும் அதைக் கழற்றாத பிள்ளை. அதில் அவன் பெயருக்குப் பின்னால் எங்கள் குடும்பப் பெயர்.

நம் ஊரில் பெயர் இனிஷியலோடு நின்றுவிடும். மகாராஷ்டிரத்தில் ஆட்நாவ் இல்லாதவன் அரை மனிதன். அப்பா வேலைக்குச் சேர்ந்தபோது கேட்டிருப்பார்கள். அவர் கையில் இருந்த ஒன்றைக் கொடுத்திருக்கிறார். அக்கா கல்யாணம் ஆன பிறகும் அதை விடவில்லை, மகனுக்கும் ஒட்டவைத்தாள். அந்தப் பெயரை இங்கே எழுத மாட்டேன், மருமகனுக்கு வேலை போகாது என்றாலும் மானம் போகும். ஏதோ ஒரு ராஜாவின் படைத்தளபதிக்குக் கிடைத்த பட்டம் அது என்று அவன் தன் கம்பெனியில் சொல்லி வைத்திருக்கிறான்.

வீட்டில் வேலை வெட்டி இல்லாதவன் ஒருவன்தான். அவனை ரயில் ஏற்றினார்கள். பொதுப்பெட்டியில் கழிப்பறைக் கதவோரம் துண்டு விரித்துப் படுத்தேன். பெரிய கஷ்டம் ஒன்றும் இல்லை, காற்று வந்தது. பிறகு சிதம்பரம், அங்கிருந்து ஒரு டவுன் பஸ், கொள்ளிடக் கரையில் ஒரு கடைத்தெரு. டீக்கடையில் டீ வாங்கிக் குடித்துவிட்டுப் பெயரைச் சொல்லி, "இப்படி ஒரு குடும்பம் இந்தப் பக்கம் உண்டா?" என்று கேட்டேன்.

டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் ஆற்றுவதை நிறுத்தினார்.

"யோவ், இங்க வாங்கய்யா! அந்த வகையறாவுல ஒரு ஆளு வந்துருக்காரு!"

பெஞ்சில் இருந்தவர்கள் என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தார்கள். குறிப்பாக வயிற்றை.

"ஏன் இப்பிடி ஒட்டிக் கெடக்கு?" என்றார் ஒருவர்.

"எந்த ஊருல இருந்து வர்றாப்ல?"

"பூனா" என்றேன்.

"அங்க சோறு போட மாட்டாங்க போலருக்கு."

அப்போதுதான் தெரிந்தது. எங்கள் முன்னோர் ஒருவருக்கு வயிறு பெரிது. பந்தியில் உட்கார்ந்தால் இலை எடுக்க விடமாட்டாராம். அதற்காக ஊரார் வைத்த பட்டப்பெயர், அதுவே அந்த வம்சத்துக்கு வகையறாப் பெயராக நின்றுவிட்டது. படைத்தளபதி ஒருவரும் இல்லை. படையை வேண்டுமானால் சாப்பிட்டிருப்பார்.

கோயிலுக்குப் படகு வேண்டாம், ஆட்டோகூட வேண்டாம். பஸ் அதன் வாசலில் நிற்கிறது. நிறுத்தத்தின் பெயரே சாமியின் பெயர்தான், கண்டக்டர் கத்திக்கொண்டு போகிறார். சிமெண்ட் கூரை, குதிரை ஒன்று, வேல் நாலைந்து. பூசாரி வேட்டியை மடித்துக் கட்டியபடி என்னைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி, "யாரு வகையறா?"

சொன்னேன். அவர் வழியை விட்டு விலகி நின்றார்.

"போங்க உள்ள. பேரு தெரியாம வந்து நிக்கிறவங்கள முடியெறக்க விடறதில்ல. ஒருத்தர் வூட்டு முடி இன்னொருத்தர் கணக்குல போயிடும் பாருங்க."

அக்கா சொன்னது அச்சாக அதே. அவளும் அவரும் பார்த்துக்கொண்டதே இல்லை. எனக்கு அப்போது கொஞ்சம் எரிச்சலாக இருந்தது. கிண்டல் செய்வதற்கு இடம் கொடுக்காத மனிதர்களைச் சந்தித்தால் எனக்கு அப்படித்தான் வரும்.

வந்ததற்குப் படகையும் பார்த்துவிடலாம் என்று படகுக்காரரைத் தேடிப் போனேன். கொள்ளிடத்தில் கண்ணுக்கு எட்டிய தூரம் மணல். தூரத்தில் ஒரு கோடு பளபளத்தது, அதுதான் ஆறு. படகு மணலில் ஒருச்சாய்ந்து கிடந்தது, அதன் நிழலில் ஆடுகள் படுத்திருந்தன.

"என் மருமவன் இத சித்திரைல புக் பண்ணியிருக்கானே?" என்றேன்.

"ஆமாங்க, பூனா சாரு. தங்கமான மனுசன்."

"தண்ணி?"

"ஆடிக்கு வாங்க, கரை தொட்டு வரும்."

"அப்ப சித்திரைக்கு எப்பிடிக் குடுத்தீங்க?"

"அவரு படகு இருக்குமான்னு கேட்டாரு. இருக்குமுன்னேன். தண்ணி இருக்குமான்னு கேக்கலியே."

நதிப்பயணம் போகிறவர்களுக்கு என் யோசனைகளில் இது முக்கியமானது. தண்ணீர் பற்றியும் கேளுங்கள்.

சித்திரையில் எல்லோரும் வந்தார்கள். தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் முடியிறக்க வேண்டும். தாய்மாமன் என்றால் மருமகளின் அண்ணன். காசார்வாடியில் பட்டறை வைத்திருக்கிறார், இந்தப் பயணத்துக்கு முன் வடக்கே கல்யாண் ஊர், தெற்கே சாங்லி, அவ்வளவுதான் அவர் பார்த்த உலகம். புது வேட்டியை பெல்ட் போட்டு இறுக்கிக்கொண்டு குழந்தையை மடியில் வைத்தார். ஜெஜூரியில் என்ன செய்வார்களோ அதையே இங்கும் செய்யச் சொல்கிறார்கள் என்பதில் அவருக்குத்தான் பெரிய ஆச்சரியம். பூசாரி அவர் பேரைக் கேட்டார். சொன்னார். பூசாரி மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்து, மூன்றும் தவறாகி, "சாமிக்குப் புரியும்" என்று முடித்தார்.

முடி கொத்துக் கொத்தாக விழுந்தது. குழந்தை அலறியது. பாதித் தலை வழித்ததும் உள்ளே இருந்தது வெளியே தெரிந்தது. காதுக்குப் பின்னால் சிவந்த கட்டிகள், பழைய கட்டிகளின் கறுப்புத் தழும்பு, ஒன்றில் சீழ். மருமகள் ஈரத்துணியோடு கிட்டே போனாள். அக்கா அவளை விலக்கவில்லை. பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு தரையில் உட்கார்ந்து, அந்தத் தலையில் வாயைக் குவித்து ஊத ஆரம்பித்தாள். நாவிதர் அடுத்த பாதியை வழிக்கும்வரை ஊதிக்கொண்டே இருந்தாள்.

"இவ்ளோ இருந்துச்சாடி?" என்றாள், மருமகளைப் பார்க்காமல்.

"நான் சொன்னேன் அத்தே."

"சொன்ன."

அவ்வளவுதான் பேசிக்கொண்டார்கள். சந்தனம் குழைத்துப் பாதியை இவளும் பாதியை அவளும் பூசினார்கள்.

குழந்தைக்கு அழுகை நின்றது. தலையைத் தடவிப் பார்த்தது, விரலை முகர்ந்தது. பிறகு எல்லோரையும் பார்த்து, "நாவ்?" என்றது.

பூசாரி குனிந்தார். மருமகன் அவருக்கு நாவ் கதை முழுவதையும் முதல் நாளே சொல்லியிருந்தான். "பேரு கேக்குறியா கண்ணு? தாத்தா பேரு..." என்று அவர் ஆரம்பித்தார்.

"நாவ் குடே?" என்று அது காலை உதைத்தது.

"இல்ல இல்ல" என்று மருமகள் சிரித்துவிட்டாள். "இது படகு. படகு எங்கன்னு கேக்கறா."

வாரக்கணக்கில் ஆசை காட்டியிருக்கிறோம். முன்பணமும் போயிருக்கிறது. எல்லோரும் மணலில் இறங்கி நடந்தோம். வெயிலில் கால் பொரிந்தது, தாய்மாமன் குழந்தையைத் தோளில் வைத்து ஓடினார். படகுக்காரர் எங்களைக் கண்டதும் ஆடுகளை விரட்டி, துண்டால் பலகையைத் துடைத்து, "ஏறுங்க சார், உங்க படகு" என்றார். கொஞ்சமும் வெட்கம் இல்லை.

ஏறி உட்கார்ந்தோம். மருமகன் போனை எடுத்து ஒரு படம் பிடித்துக் குழுவில் போட்டான். உடனே அவன் மனைவியின் போன் டிங் என்றதும், அதை அவள் எடுத்துப் பார்த்ததும் எனக்குத் தெரிந்தது. எப்போது சேர்த்தான் என்று நான் கேட்கவில்லை. சொந்தங்கள் கும்பிடும் கை போட்டிருப்பார்கள்.

அக்காதான் கடைசி. மருமகள் கையைப் பிடித்து ஏற்றினாள். மணலில் கிடக்கிற படகுதான், ஆனாலும் அக்கா இரண்டு பக்கமும் இறுகப் பிடித்துக்கொண்டாள். மொட்டைத்தலை பலகைமேல் நின்று குதிக்க ஆரம்பித்தது.

"ஆடாம உக்காருடி" என்று அக்கா அதட்டினாள். "நாவ் கவுந்துடும்."